கழுத்துக்குக் கீழே பொறுப்பல்ல

"ஒரு முள்ளுக்குப் போய் யாராவது ஆஸ்பத்திரி ஏறுவாங்களா?" என்று நூருன்னிஸா கேட்டாள்.

"முள்ளு வெளிய வந்திட்டு. காய்ச்சல் இன்னும் வெளிய வரல்லயே" என்றார் பலீல்.

"டவுன் டிஸ்பென்சரியில காட்டினாப் போதும். ஒரு ஊசி போடுவார், ரெண்டு பெனடோல் தருவார். வந்து படுத்துக்குவேன்."

"அங்க கதிரையே ஒடஞ்சி கெடக்குது. மேட்டுல புதுசா கண்ணாடி ஆஸ்பத்திரி ஒண்டு கட்டியிருக்காங்களே, அங்க போவோம். லிஃப்டெல்லாம் இருக்காம்."

"எனக்கு வலிக்கிறது குதிகால்ல. லிஃப்ட்ல ஏறினா சுகமாகிருமா?"

"சும்மா வா நூரு. ஒனக்கு நல்லதா ஒண்டு செய்யணும் எண்டு எனக்கும் ஆசை இருக்காதா?"

ஆசை என்ற சொல்லைப் பலீல் வாய்விட்டுச் சொல்லி அவள் எத்தனையோ வருடமாகக் கேட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத் தலையில் ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு, நொண்டி நொண்டி நடந்து வந்து த்ரீவீலில் ஏறினாள்.

இந்தப் பேச்சைத்தான் பலீல் கண்ணாடி ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி வாங்கில் உட்கார்ந்து, வெந்த புண்ணைச் சொறிவதுபோலத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார்.

பலீலுக்கு மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடை. யட்டவத்தையிலிருந்து தோட்டக்காரர்கள் சாக்குகளோடு வந்தால், மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பது அவர், பேசுவது நூருன்னிஸா. "நனஞ்ச மொளகக் கொண்டு வந்து காஞ்ச வெல கேக்கிறீங்களே, ஒங்களுக்கே வெக்கமா இல்லயா?" என்று அவள் கேட்டால், தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே விலையில் இறங்கி வருவார். பலீலுக்கு அது வராது. ஹோட்டலில் ஆறிப்போன தேநீர் வந்தாலும் குடித்துவிட்டு எழுந்துவிடுகிற மனிதர். மகன் ஹுஸ்னி கட்டாரிலிருந்து போன் எடுத்தால்கூட, "இந்தா, உம்மாக்கிட்டப் பேசு" என்று கொடுத்துவிடுவார். ஆக, அந்த வீட்டின் வாய் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்தது.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கீழ் மாடி டொக்டர் குதிகாலைப் பார்த்தார். தேசிக்காய் மரத்து முள் குத்திய இடம் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. அதிலிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்கால் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. "உள்ளே சீழ் கட்டியிருக்கு. நாளைக்குக் கீறி எடுப்போம்" என்று சொல்லி, துணி சுற்றி, ஊசி மருந்தையும் தொடங்கினார். பலீலுக்கு உயிர் வந்தது.

அன்று மாலையே இரத்தப் பரிசோதனையின் முடிவும் வந்தது.

அந்த ஆஸ்பத்திரிக்குள் யார் நுழைந்தாலும், பல்வலிக்காரனாக இருந்தாலும், தைரொயிட் பரிசோதனை செய்யாமல் விடுவதில்லை. அதற்குப் பெயர் வரவேற்புப் பரிசோதனை. நூருன்னிஸாவின் முடிவைப் பார்த்ததும் மேலே எங்கோ ஒரு மணி அடித்தது. லிஃப்ட் திறந்தது. வெள்ளைக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்த பணிப்பாளர், சக்கரக் கட்டிலோடும் இரண்டு தாதியரோடும் ஒரு புகைப்படக்காரரோடும் இறங்கி வந்தார்.

"வாழ்த்துக்கள்" என்று பலீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் மனைவியின் டீ-த்ரீ குறைவு."

"அது... கால்லயா டொக்டர்?"

பணிப்பாளர் குழந்தையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார். "கழுத்தில், ஐயா. கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி உண்டு. உடம்பின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் ஹோர்மோன். அதில் முக்கியமானது டீ-த்ரீ. உங்கள் மனைவிக்கு அது பாதாளத்தில் கிடக்கிறது. இவர் இனிக் கீழ் மாடிக்குரியவர் அல்லர். எங்களுடையவர்."

பலீல் பதில் சொல்வதற்குள் கட்டில் லிஃப்டுக்குள் போய்விட்டது.

மூன்றாம் மாடி முழுவதும் தைரொயிட் உன்னத நிலையம். சுவரெல்லாம் வண்ணத்துப்பூச்சிகள். வாசலில், கிரிக்கெட் மைதானத்தில் இருப்பதுபோல ஒரு பெரிய மின்பலகை; அதில் ஒவ்வொரு கட்டிலின் டீ-த்ரீ அளவும் ஒளிரும். குறைந்தால் சிவப்பு, சரியானால் பச்சை. பலகையின் கீழே பித்தளை எழுத்தில் நிலையத்தின் கொள்கை பொறிக்கப்பட்டிருந்தது: 'குறைவில்லாத மாத்தளை.' அதற்கும் கீழே, சற்றே சிறிய எழுத்தில்: 'கழுத்துக்குக் கீழே எமது பிரிவின் பொறுப்பல்ல.'

இந்த இரண்டாவது வாக்கியத்தை அங்கே வேதவாக்காகக் கடைப்பிடித்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் மேலும் நீலத்துணி ஒன்றைக் கழுத்தெலும்பு வரை இழுத்துவிட்டு, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் சொருகினார்கள். வெளியே தெரிவது தலையும் கழுத்தும் மட்டும். தூரத்திலிருந்து பார்த்தால், நீலத் தண்ணீரில் தலைகள் வரிசையாக மிதப்பதுபோல இருக்கும்.

கழுத்து தெரிய வேண்டுமல்லவா? ஆகவே நூருன்னிஸாவின் ஸ்கார்ஃபை அவிழ்த்து, மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அலுமாரியில் வைத்தார்கள். அந்நிய ஆணொருவர் படியேறும் சத்தம் கேட்டாலே கை தானாகத் தலைக்குப் போகிற பெண் அவள். இப்போது தினமும் காலையில் மணி அடித்ததும், பணிப்பாளரும் அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமும் வந்து அவளுடைய கழுத்தைப் பார்த்தார்கள். தடவிப் பார்த்தார்கள். விருந்தினர் யாராவது வந்திருந்தால் அவர்களும் பார்த்தார்கள். தோட்டத்துரை ஒருவர் பார்த்தார். வங்கி முகாமையாளர் ஒருவர், "நல்ல கழுத்து" என்று கருத்துச் சொன்னார். நூருன்னிஸா கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். மூட வேண்டியதைத் திறந்துவிட்டு, திறந்து பார்க்க வேண்டியதை மூடிவிட்டார்களே என்று பலீல் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் மாடியில் நூருன்னிஸாவுக்குத் தைரொயிட் குளிசைகள் தொடங்கின. கீழ் மாடியில் தொடங்கிய ஊசி மருந்து நின்றுவிட்டது.

அதைக் கேட்பதற்காகப் பலீல் விசாரணை மேசைக்குப் போனார். அங்கே இருந்தவள் பஸ்லா, மாத்தளைப் பெண்தான்.

"கேள்வி கழுத்துக்கு மேலயா, கீழயா அங்கிள்?"

"கீழ, மகள். ரொம்பக் கீழ. அவட—"

"கீழ எண்டா கீழ் மாடி அங்கிள். லிஃப்ட் அந்தப் பக்கம்."

கீழ் மாடிக்கு இறங்கினார். அங்கிருந்த எழுதுவினைஞர் கணினியைப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்துப் பேசினார். "நானா, பேஷன்ட் இப்ப மூணாம் மாடி. அவங்க ஆளை நாங்க தொட்டா பெரிய சண்டையாயிரும்."

"அப்ப அவட ஊசி மருந்து?"

"அது எங்க மருந்து நானா. எங்கயும் போகல. பத்திரமா இருக்கு." நம்பிக்கை வரட்டும் என்று குளிர்ப்பெட்டியைத் திறந்தும் காட்டினார். நூருன்னிஸாவின் பெயர் ஒட்டிய சின்னப் போத்தல்கள் குளிரில் வேர்த்தபடி வரிசையாக நின்றன.

பலீல் "சரி" என்றார். "ஜஸாகல்லாஹ்" என்றும் சொன்னார். லிஃப்டில் ஏறும்போது, எதற்காக நன்றி சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

மேலே வந்தபோது நூருன்னிஸா தாதியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் நாக்கு ஒட்டியது.

"மிஸ்ஸி... என்ட கால்..."

"கவலப்படாதீங்க உம்மா" என்று தாதி பரிவோடு குனிந்தாள். "கால் கொஞ்சமும் தெரியல. நல்லா மூடித்தான் இருக்கு. முஸ்லிம் ஆக்கள்ட மனசு எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லி, துணியின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொருகிவிட்டுப் போனாள்.

கால் என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் அந்த மாடியில் எல்லோருக்கும் இப்படித்தான் விளங்கியது. காலில் நோய் இருக்கும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கால் என்றால் வெட்கம் மட்டுமே. மனித உணர்வுகளை மதிக்கும் நிலையம் என்று அவர்களுக்கு ஒரு விருதும் கிடைத்திருந்தது. அது வாசலில் மாட்டியிருந்தது.

ஒருநாள் பின்னேரம் பலீல் தானே துணிந்து துணியின் ஓரத்தை உருவிப் பார்த்தார். கீழ் மாடியில் சுற்றிய அதே கட்டு. மஞ்சளும் பச்சையுமாக ஊறி, தோலோடு ஒட்டியிருந்தது. பெருவிரல் கறுத்துவிட்டிருந்தது. வாடை மூக்கில் அறைந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தபோது, பின்னால் காவலாளி நின்றான். ஒழுங்கு குலைத்த குற்றத்துக்காக அன்று பின்னேரம் முழுவதும் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். இனித் துணியில் கை வைத்தால் பார்வை நேரமே ரத்து என்றார்கள். நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போகவும் முடியாது. பலகையில் அளவு பச்சையாகும்வரை யாரும் வெளியேறக் கூடாது என்பது நிலையத்தின் சட்டம்.

வாடைக்கு மட்டும் உடனடியாக நடவடிக்கை எடுத்தார்கள். நூருன்னிஸாவின் கட்டிலுக்கு மேலே மல்லிகை வாசனை பீச்சும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். கொஞ்ச நேரத்துக்கொரு தடவை அது 'ஸ்ஸ்ஸ்' என்று சீறும். சீழும் மல்லிகையும் கலந்து வந்த அந்த மணத்தைப் பலீல் வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் சட்டையிலும் கையிலும் சோற்றிலும் உணர்ந்தார்.

வாங்கில் அவருக்குப் பேச்சுத்துணை வேலம்மா. ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஆண்கள் பக்கத்தில் அவளுடைய கணவர் மாடசாமி படுத்திருந்தார்.

"என்னாங்க நானா, ஒங்க வீட்டம்மாவுக்கும் கழுத்துங்களா?"

"இல்ல அக்கா. குதிகால்."

"எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுங்க. நிமோனியான்னு சொல்லித்தான் கூட்டியாந்தோம். இங்க வந்தப்பொறம் அதுவும் கழுத்தாயிருச்சு." அவள் கசந்து சிரித்தாள். "கொஞ்ச நாளு போனா நம்ம ரெண்டு பேருமே வாங்குல குந்திக் குந்தி இடுப்பு வலிக்குதுன்னு சொல்லுவோம். அதையும் கழுத்துன்னுதான் எழுதுவாங்க, பாருங்க."

நிலையத்தில் ஒரேயொருவர்தான் விதிவிலக்கு: இளம் டொக்டர் சுதர்சினி. அவர் நாவுல ஊர்ப் பெண், பயிற்சி முடிந்து புதிதாக வேலைக்கு வந்தவர். ஒரு காலையில் அவர் பலீலைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

"அங்கிள், சத்தமா பேசாதீங்க. உங்க வைஃபுக்குத் தைரொயிட் வருத்தமே இல்லைன்னு நினைக்கிறேன். உடம்புல எங்கயாவது பெரிய அழற்சி இருந்தா, காய்ச்சல், சீழ், நிமோனியா, எதுவா இருந்தாலும், டீ-த்ரீ தானாவே இறங்கிரும். சுரப்பி நல்லாத்தான் இருக்கும். உடம்பே செலவைக் குறைச்சுக்குது. கடையில யாவாரம் இல்லாத நாள்ல பாதிக் கதவைச் சாத்தி வைப்பீங்கல்ல, அந்த மாதிரி. வருத்தம் தீந்தா, கதவு தானாத் திறக்கும்."

"அப்ப இந்தக் குளிசை?"

"நோயை விட்டுட்டு அளவை மட்டும் ஏத்துறது. சாத்தின கதவை வெளியிலேருந்து உடைக்கிற மாதிரி. நெஞ்சு படபடக்கும். காய்ச்சல் வேற இருக்கு." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "கீழ் மாடிப் பேப்பர் எதுவும் மேல வரல. அழற்சி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

பலீல் நிமிர்ந்தார். இதைக் கேட்க ஒருவர் பிறந்துவிட்டாரே! "தெரியும் மகள், அவட—" என்று தொடங்கினார். மணி அடித்தது. கழுத்துப் பார்வையிடல். பணிப்பாளர் படிக்கட்டு வாசலில் நின்று சுதர்சினியையே பார்த்தார்.

அன்று பகலே சுதர்சினியை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நிலையத்துக்கு வரப்போகும் தரச்சான்றிதழ் விழாவின் வரவேற்புக் குழுவுக்கு அவரைத் தலைவியாக்கி, அழைப்பிதழ் மடிக்க வைத்தார்கள். அது பதவி உயர்வு என்று அறிவித்தார்கள்.

பலீல் வாங்கில் வந்து உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு சொல். இரண்டே சொல்லை விரைவாகச் சொல்லத் தெரியாத வாய், வாயா?

இதற்கிடையில் பலகையில் நூருன்னிஸாவின் எண் ஏறத் தொடங்கியது. குளிசையின் அளவைக் கூட்டக் கூட்ட எண் ஏறியது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தாதியர் கைதட்டினார்கள். நூருன்னிஸாவின் விரல்கள் நடுங்கின. கழுத்தில் நாடி துடிப்பது வாங்கிலிருந்து பார்க்கும்போதே தெரிந்தது.

"ஹுஸ்னிட வாப்பா" என்று ஒருநாள் அவள் முனகினாள். "நெஞ்சுக்குள்ள மொளகு மில் ஓடுற மாதிரி இருக்கு. நிப்பாட்டச் சொல்லுங்க."

"சொல்றேன் நூரு."

"யாருக்கிட்டச் சொல்வீங்க?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கப் பலம் வரவில்லை. "நீங்க சொன்னதாச் சொல்லி நான்தான் சொல்லணும்."

அவர் அவளுடைய நெற்றியைத் தொட்டார். அடுப்புச் சட்டியைத் தொட்டதுபோலிருந்தது. திறந்து கிடந்த கழுத்தைத் தன்னுடைய கைக்குட்டையால் மூடினார். தாதி வந்து எடுத்துவிட்டாள்.

விழாவுக்கு முந்தின காலையில் மாடசாமியின் எண் பச்சையானது. மணி அடித்தது, கைதட்டினார்கள். புகைப்படக்காரர் ஓடிவந்தார். படம் எடுத்து முடிவதற்குள் மாடசாமி இறந்துவிட்டார்.

பணிப்பாளர் வேலம்மாவின் முன்னால் வந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலையைத் தாழ்த்தினார்.

"அம்மா, உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம். அதே சமயம் ஒரு பெருமையான விஷயத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் சரியான அளவில் காலமானார். டீ-த்ரீ பூரண சுகநிலை. இந்த நிலையத்தில் இதுவரை யாரும் இவ்வளவு நல்ல எண்ணோடு இறந்ததில்லை. அவருடைய நுரையீரல் ஒத்துழைத்திருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும். ஆனால் நுரையீரல் எங்கள் பொறுப்பல்ல, உங்களுக்கே தெரியும்."

அவர் சைகை காட்ட, ஒரு தாதி வந்து வேலம்மாவின் தோளில் பொன்னாடை போட்டாள். இன்னொருத்தி, தங்க எழுத்தில் 'குறைவற்றவர்' என்று அச்சிட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தாள்.

வேலம்மா அழவில்லை. சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு பணிப்பாளரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"இத எங்கங்க வைக்கிறது? பொட்டிக்குள்ளயா, வெளியவா?"

பணிப்பாளர் அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தார். "வெளியே வைத்தால் பலரும் பார்ப்பார்கள்" என்றார்.

பலீல் கழிப்பறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்தார். முகம் கழுவி நிமிர்ந்தபோது, கதவுக்கு வெளியே பஸ்லா ஒரு தாளோடு காத்திருந்தாள்.

"அங்கிள், நாளைக்கு விழாவில சொந்தக்காரர் ஒருத்தர் நன்றியுரை சொல்லணும். வேலம்மா ஆண்ட்டிதான் சொல்ல இருந்தாங்க. இப்ப அவங்கட வீட்ல மய்யத்து. அடுத்த நல்ல நம்பர் ஒங்கட வீட்டு ஆளுக்குத்தான். பேச்செல்லாம் எழுதியிருக்கு. நீங்க பாத்து வாசிச்சாப் போதும்."

பலீல் மறுக்கத்தான் நினைத்தார். மறுக்கவும் வாய் வேண்டுமே. தாள் அவருடைய கைக்கு வந்துவிட்டது.

விழா ஆஸ்பத்திரியின் பெரிய மண்டபத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வர வேண்டிய பிரதம அதிதி, தம்புள்ளைக்குத் திரும்பும் மரக்கறி லொறிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். அதுவரை நோயாளிகளும் மேடையிலேயே காத்திருந்தார்கள். ஆம், மேடையில். நல்ல எண்கள் உள்ள ஐந்தாறு கட்டில்களை வரிசையாக நிறுத்தி, பூச்சரம் கட்டி, நீலத்துணிகளுக்குப் புதிதாக அயன் போட்டிருந்தார்கள். நடுக்கட்டில் நூருன்னிஸாவுடையது. மல்லிகைக் கருவியையும் கழற்றி வந்து அவளுடைய கால்மாட்டில் வைத்திருந்தார்கள். சுதர்சினி வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நின்றார். பலீல் உள்ளே வந்தபோது, அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் பன்னீர் தெளித்தார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். தாதியர் வண்ணத்துப்பூச்சி நடனம் ஆடினார்கள். பிறகு பணிப்பாளர் எழுந்தார்.

"கௌரவ பிரதம அதிதி அவர்களே, தரச்சான்றிதழ்க் குழுவினரே, இங்கே குழுமியிருக்கும் கழுத்துகளே..." கைதட்டல். "எங்களைப் பற்றிச் சில பொறாமைக்காரர்கள் ஒரு குற்றச்சாட்டுச் சொல்கிறார்கள். காய்ச்சல், சீழ், நிமோனியா போன்ற அழற்சிகளின்போது உடல் தானாகவே இந்த ஹோர்மோனைக் குறைத்துக்கொள்ளும் என்கிறார்கள். நோய் தீர்ந்ததும் அது தானாகவே உயரும் என்கிறார்கள். காத்திருந்து, அடிப்படை நோயைக் குணப்படுத்தி, சில வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். அன்பர்களே, நாங்கள் இதை மறுக்கவில்லை. நானும் படித்தவன்தான். எல்லா மருத்துவ நூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது."

அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"ஆனால் ஒன்று கேட்கிறேன். தானாக உயர்கிற எண்ணுக்கு ஒரு நிலையம் எதற்கு? ஒரு பணிப்பாளர் எதற்கு? ஜேர்மனியிலிருந்து இறக்கிய இயந்திரம் எதற்கு? அடிப்படை நோயைக் குணப்படுத்தினால் எண் தானாக உயர்ந்துவிடும். அப்போது பெயர் கீழ் மாடிக்கல்லவா போகும்! நோயாளி பிழைப்பது இறைவன் கையில். எண் எங்கள் கையில். எங்கள் கையில் உள்ளதை நாங்கள் உயர்த்தினோம். இறைவன் தன் பங்கைச் செய்தாரா என்று இறைவனிடம் கேளுங்கள்!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பிரதம அதிதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தரச்சான்றிதழ்க் குழுவில் ஒருவர் மட்டும் மூக்கைச் சுருக்கி, "என்ன வாடை இது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். "மல்லிகை" என்றார் அவர்.

"அடுத்து, நன்றியுரை" என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

பலீல் மேடையேறினார். ஒலிவாங்கி அவருடைய மூச்சையே பெரிதாக்கி மண்டபத்துக்குச் சொன்னது. தாளை விரித்தார்.

"'எனது அன்புத் துணைவியாரின் கழுத்து, இந்நிலையத்தின் பொற்கரங்களிலே மறுபிறவி...'"

அதற்குமேல் எழுத்து ஓடவில்லை. நூருவைத் துணைவியார் என்று அவர் ஒருநாளும் அழைத்ததில்லை. திரும்பி அவளைப் பார்த்தார்.

நூற்றுக்கணக்கான கண்களுக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய கழுத்து திறந்து கிடந்தது. அதில் நாடி, பிடித்து வைத்த குருவிபோல அடித்துக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. இமை திறக்கவில்லை. கால்மாட்டில், அயன் போட்ட நீலத்துணியில் மஞ்சளாய் ஓர் ஈரம் மெல்ல அகன்றுகொண்டிருந்தது. மல்லிகைக் கருவி ஒரு தடவை சீறியது. ஒரு ஈ எழும்பிப் பறந்து, அந்த ஈரத்திலேயே மறுபடி உட்கார்ந்தது.

"வாசிங்க அங்கிள்" என்று பஸ்லா மேடையோரத்திலிருந்து கிசுகிசுத்தாள். "மறுபிறவி எடுத்தது..."

பணிப்பாளர் புன்னகை மாறாமல் தலையசைத்து உற்சாகப்படுத்தினார். "மனுஷன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்று பிரதம அதிதியிடம் சொன்னார். யாரோ கைதட்டினார்கள். இன்னும் சிலர் சேர்ந்து தட்டினார்கள்.

பலீல் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார். கைதட்டல் ஓயும்வரை நின்றார். அவருக்காகப் பேச அந்த மண்டபத்தில் யாருமில்லை. பேசக்கூடியவள் கட்டிலில் கிடந்தாள்.

"அவட..." என்றார். குரல் உடைந்தது. இந்தத் தடவை யாரும் குறுக்கே வரவில்லை. குறுக்கே வர அங்கே இன்னொரு ஒலிவாங்கி இல்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, கடையில் அவள் பேசுகிற சத்தத்தில் பேசினார்.

"மொதல்ல அவட கழுத்த மூடுங்க. பொறகு அந்தத் துணியத் தூக்கி, அவட காலப் பாருங்க."